மூடி போட்ட கோப்பை

கந்தப்போடி தன் மகள் சுலோஜனாவுக்காக ஆரையம்பதியில் கட்டத் தொடங்கிய வீடு பாதியில் நின்றது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். சுவர் எழும்பியிருந்தது, கூரைக்குத் தகரமும் போட்டாயிற்று. கதவு, சன்னல், பூச்சு ஒன்றுமில்லை. மாப்பிள்ளையும் இன்னும் இல்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த சுலோஜனா, அந்த வெறும் மண்டபத்தில் பதினொரு பிளாஸ்டிக் கதிரைகளையும் ஒரு கரும்பலகையையும் போட்டு, பின்நேரங்களில் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

மற்ற டியூசன்களைப் போன்றதல்ல அது. பதினொரு பிள்ளைகளில் ஆறு பேருடைய வீட்டில் எச்.ஐ.வி. இருந்தது. சிலருக்குத் தாய்க்கு, சிலருக்குத் தகப்பனுக்கு, ஓரிருவருக்குத் தங்களுக்கே. மற்ற ஐந்து பேரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். யார் எந்தப் பக்கம் என்பது சுலோஜனாவுக்கும், அந்த ஆறு பேரையும் அனுப்பிவைத்த கிளினிக் மிஸ்ஸுக்கும் மட்டுமே தெரியும். கலந்து இருந்தால்தான் எவரும் எவரையும் சுட்டிக் காட்ட முடியாது என்று மிஸ் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. வகுப்பில் ஒரேயொரு சட்டம் இருந்தது: 'நீ ஏன் இங்கே வருகிறாய்' என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது.

ஸுஹைனா ஏறாவூரிலிருந்து வருவாள். பதினாறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் மட்டக்களப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து கல்லடிப் பாலம் தாண்டிப் போகும் கல்முனை பஸ் ஒன்று. "ஏறாவூர்ல இல்லாத டியூசனா? வாசலுக்கு வாசல் போர்ட் தொங்குது!" என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள். "அங்கதான் இவக்குக் கணக்கு ஏறுது" என்று அவளுடைய தாய் ஆமினா உம்மா சொல்லி வைப்பாள்.

ஸுஹைனாவின் வாப்பா இப்றாஹிம் முன்பு வெளிநாட்டில் இருந்தவர். இரண்டாம் முறை போகப் புறப்பட்டபோது இரத்தத்தில் எச்.ஐ.வி. தெரிந்து மெடிக்கலில் விழுந்தார். பிறகு உம்மாவைச் சோதித்தார்கள். பிறகு ஐந்து வயதுப் பிள்ளையைச் சோதித்தார்கள். பிறப்போடு வந்தது. வாப்பா மவுத்தாகி எட்டு வருடம். தாயும் மகளும் ஒரு நாள் தவறாமல் மாத்திரை எடுக்கிறார்கள். அந்த மாத்திரை நோயை எவ்வளவு கீழே அமத்தி வைத்திருக்கிறதென்றால், இரத்தத்தைச் சோதிக்கிற மெசினுக்கே அது தென்படுவதில்லை. ஒரு கோப்பையில் குடித்தால் ஒட்டாது, பக்கத்தில் இருந்தால் ஒட்டாது. இதெல்லாம் கிளினிக்கில் தெரியும். ஊருக்குத் தெரியாது. ஆமினா உம்மா விடிய எழும்பி இடியப்பம் அவித்து, மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறவள். ஊருக்குத் தெரிகிற அன்றைக்கு அந்த இடியப்பத்தை ஒருவரும் தொடமாட்டார்கள்.

போன வருடம் ஸுஹைனாவுக்கு நிமோனியா வந்து மூன்று மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. எழும்பி வந்தபோது மற்றப் பாடங்களைப் பிடித்துவிட்டாள். கணக்கு மட்டும் கையை விட்டுப் போயிருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள். கணக்கில் விழுந்தால் ஏ.எல். என்கிற உயர்தரப் படிப்பு இல்லை. ஏ.எல். இல்லாவிட்டால் நில அளவை படிக்க முடியாது. அவளுக்கு அந்த ஆசை எப்படி வந்ததென்றால், ஒருமுறை இவர்களுடைய வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் எல்லைச் சண்டை. இரண்டு பக்கமும் நின்று கத்துகிற நேரம், அளவைக் கருவியின் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் அளவையாளர் வந்தார். பார்த்தார், அளந்தார், எல்லைக் கம்பியை அடித்தார். ஏழெட்டு ஆண்கள் ஒரு பெண் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு போனதை ஸுஹைனா அன்றைக்குத்தான் கண்டாள்.

வகுப்பில் நான்கரைக்குப் பாலில்லாத பிளேன்ரீ கொடுப்பார்கள். பதினொரு பிளாஸ்டிக் கப். ஸுஹைனாவின் நிமோனியாக் கதை சுலோஜனாவுக்குத் தெரியும். வகுப்பில் தடிமன், சளி பிடித்த பிள்ளை ஒன்றாவது எப்போதும் இருக்கும். அதெல்லாம் இந்தப் பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று அவள் பயந்தாள். தன் வீட்டிலிருந்து மூடி போட்ட சில்வர் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து, சுடுதண்ணீரில் கழுவி, அதில்தான் ஸுஹைனாவுக்குக் கொடுப்பாள். முழுக்க முழுக்கப் பாசத்தில் செய்தது.

காத்தான்குடி எல்லையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் றவூபின் மகள் ரிப்கா, ஸுஹைனாவுக்குப் பக்கத்துக் கதிரை. அவள் ஒரு கிழமை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக்கு, இவக்கு மட்டும் மூடியோட சில்வரு. ஏன்டி, நீ என்ன புது மாப்பிள்ளையா?"

"மாப்பிள்ளைக்கு முட்டையும் அவிச்சுக் குடுக்கணும், அக்கா!" என்று பின்னாலிருந்து நிலோஜன் கத்தினான். அவன் குருக்கள்மடம். எதற்கும் ஒரு வாய் வைத்திருப்பான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஸுஹைனாவும் சிரித்தாள். ரிப்கா வீட்டுக்குப் போய், சோறு தின்னுகிற நேரம் அதையே சொல்லிச் சிரித்தாள். அவளுடைய சாச்சிக்கு, சின்னம்மாவுக்கு, மட்டும் சிரிப்பு வரவில்லை.

"தனிக் கப்பா? மூடி வேறயா? அது டீபி எண்டாத்தான் அப்படிக் குடுப்பாங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை ரிப்காவின் கதிரை வெறுமையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு கதிரைகள். மூன்றும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுடையவை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஸுஹைனா பையைத் தோளில் போட்டபடி நின்றாள்.

"சுலோ அக்கா, அந்தக் கப்பை எனக்கு ஏன் தந்தீங்க?"

"உனக்குத்தானே நெஞ்சு சரியில்லாமப் போன. மத்தவங்கட தடிமன் உனக்கு ஒட்டப்படாது எண்டு..."

"என்னக் காப்பாத்த வெளிக்கிட்டு என்னக் காட்டிக் குடுத்திட்டீங்க."

சுலோஜனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் ஒரு பக்கத்திலிருந்து பார்த்த கோப்பையை மற்றவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார்கள் என்று அவள் ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. 

"டீபி எண்டுதான் கதைக்கிறாங்களாம். ரிப்கா வாட்ஸப்பில கேட்டவ" என்றாள் ஸுஹைனா.

"நான் பிழை செய்திட்டன் புள்ள. நீ கொஞ்ச நாளைக்கு வராத. ஞாயிற்றுக்கிழமையில நான் ஏறாவூருக்கு வந்து சொல்லித் தாறன்."

"நீங்க எங்கிட வீட்ட வந்தா, ஆரையம்பதி டீச்சர் ஏன் இஞ்ச வாறா எண்டு தெருவே கேக்கும். நான் நிண்டிட்டா இஞ்ச இவங்க கதைச்சது சரி எண்டு ஆகிடும்." விரலை மடித்து எண்ணினாள். "இப்ப மூணு பேர் வரல்ல. மத்தவங்களும் நிண்டா மிச்சமிருக்கிறது ஆரு? மிஸ் அனுப்பின நாங்க மட்டும்தான். டீபி எண்டு தொடங்கின கதை வேற எங்கயும் போய் நிக்கும். நான் மட்டுமில்ல அக்கா, மத்தப் புள்ளையளும் மாட்டிரும்."

பாருங்கள், கணக்கு வராது என்று வந்த பிள்ளைதான் அந்தக் கழித்தலைச் செய்து காட்டியது.

அன்று வீட்டில் ஆமினா உம்மா விசயத்தைக் கேட்டதும் மாவைப் பிசைந்த கையோடு குந்திவிட்டாள்.

"போதும் மகள். படிச்சது காணும். நாளைக்குப் போகாத."

"உம்மா, இன்னும் அஞ்சு கிழமைதான்."

"அஞ்சு கிழமையில ஒரு நாள் போதும் ஊர் கதைக்க. இந்த அடுப்பு எரியிறதே அல்லாஹ்ட கிருபை. ஒனக்கு விளங்குதா இல்லையா?"

"விளங்குது. நான் இப்ப நிண்டா பயந்துதான் நிண்டன் எண்டு நினைப்பாங்க. பயந்தா மறைக்க என்னமோ இருக்கு எண்டு தேடுவாங்க. போனாத்தான் உம்மா நல்லம்."

ஆமினா உம்மா எழும்பினாள். பிறகு மாவை உரலில் அடைத்துப் பிழியத் தொடங்கினாள். "வாப்பாட குணம் அப்படியே. போ எண்டாலும் போகமாட்டாரு, நில்லு எண்டாலும் நிக்கமாட்டாரு" என்றாள். அது சம்மதமா இல்லையா என்று ஸுஹைனா கேட்கவில்லை. காலையில் உம்மா பஸ்ஸுக்கு இரண்டு இடியப்பம் கட்டித் தந்தாள். அதுவே பதில்.

புதன்கிழமை வகுப்பு தொடங்கி அரை மணித்தியாலம் இருக்கும். றவூபின் மோட்டார்சைக்கிள் கதவில்லாத வாசலுக்கு நேரே வந்து நின்றது. பின்னால் ரிப்கா தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். வகுப்பில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கணும்" என்றார் றவூப், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. "எங்கட புள்ளை இஞ்ச நல்லாப் படிக்கிறா. நிப்பாட்ட எனக்கும் விருப்பமில்ல. ஆனா அந்த ஏறாவூர்ப் புள்ளைக்கு டீபி எண்டு கதைக்கிறாங்க."

"றவூப் நானா, ஆரு சொன்ன?"

"ஆரு சொன்னா என்ன? தனிக் கப் குடுக்கிறீங்களா இல்லையா?"

சுலோஜனா உண்மை சொன்னாள். "குடுத்தன். அது என்ட பிழை."

"அப்ப இப்படிச் செய்வம். அந்தப் புள்ளை டீபி இல்ல எண்டு டொக்டர்ட ஒரு துண்டு எடுத்துக் கொண்டுவரட்டும். நான் நாலு பேருக்குக் காட்டி, எல்லாரையும் திருப்பி அனுப்பவைக்கிறன். சரிதானே?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அப்படி ஒரு துண்டு ஏற்கெனவே இருக்கவும் செய்தது. நிமோனியா வந்த நேரம் ஸுஹைனாவுக்குக் காசநோயும் பார்த்து, இல்லையென்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தத் துண்டின் தலைப்பில் எந்தக் கிளினிக் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அதைக் காட்டினால் இல்லாத நோய் போய்விடும், இருக்கிற நோய் வெளியே வந்துவிடும். 

ஸுஹைனா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

"மாமா, நான்தான் ஏறாவூர்ப் புள்ளை. துண்டு எடுக்க நான் ரெடி. ஆனா நான் தனிய எடுக்கமாட்டன்."

"ஏன் மகள்?"

"ஒரு அறைக்குள்ள பதினொரு பேர் மூணு மாசமா இருக்கம். டீபி ஒராளுக்கு எண்டா மத்தவங்களுக்கும் பாக்கத்தானே வேணும்? இந்தா நிலோஜன். அவன் விடாம இருமுறான், அவனுக்கு ஒருத்தரும் துண்டு கேக்கல்ல."

"அது சிரட்டைப் புகை, ஐயோ!" என்றான் நிலோஜன். "அப்பா சிரட்டைய அடுப்பில வெச்சு ஊதச் சொல்லுறவர்."

"எனக்கு மட்டும் பாத்தா நாளைக்கு நான் ஒரு தும்மல் தும்மினாலும் இன்னொரு துண்டு கேப்பீங்க. எல்லாரும் போவம். சுலோ அக்காவும். ரிப்காவும். அப்ப எல்லாருக்கும் துண்டு இருக்கும், ஒருத்தருக்கும் கதை இருக்காது."

றவூப் ஹெல்மெட்டைக் கழற்றினார். கடைக்கு வருகிற ஆட்களோடு பேரம் பேசிப் பழகிய மனிதர். மறுபேச்சுக்கு வாயைத் திறந்தார்.  சீமெந்துத் தூசி தொண்டையில் கிடந்ததோ என்னவோ, பதிலுக்கு இருமல்தான் வந்தது.

"முதல்ல உங்களுக்குத்தான் வாப்பா பாக்கணும்" என்றாள் ரிப்கா பின்னாலிருந்து. "நான் போறன். நான் கையெழுத்து வாங்கித் தாறன் டீச்சர்." மோட்டார்சைக்கிளிலிருந்து இறங்கி நேரே வந்து தன் கதிரையில் இருந்துவிட்டாள்.

சுலோஜனா கிளினிக் மிஸ்ஸுக்கு எடுத்துச் சொன்னாள். மிஸ் பட்டணத்தில் காசநோய் பார்க்கிற செஸ்ட் கிளினிக்கோடு கதைத்து, வருகிற திங்கட்கிழமை காலையில் வகுப்பை முழுதாகக் கூட்டிவரச் சொன்னார். ஸுஹைனாவின் விபரத்தை முன்கூட்டியே அங்கே சொல்லிவைக்கவா என்று மிஸ் கேட்டபோது, "வேணாம், நானே சொல்லுறன்" என்றாள் ஸுஹைனா. பெற்றோரின் கையெழுத்துக்கு சுலோஜனாவும் ரிப்காவும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். வகுப்பிலிருந்த ஸாஹிர் என்ற பையனின் வீட்டார் மட்டும் இல்லையென்றார்கள். அந்தப் பையனை அதோடு நிறுத்தியும்விட்டார்கள். பத்துப் பேர் மிஞ்சினார்கள்.

றவூப் தன் கடையின் சின்னப் பட்டா லொறியைக் கொண்டுவந்து, பின்னால் பாய் விரித்து எல்லோரையும் ஏற்றினார். "கூட்டிப் போறன், அவ்வளவுதான். நான் எக்ஸ்ரே எடுக்கமாட்டன்" என்று பாலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

செஸ்ட் கிளினிக்கின் வாசலில் போட்டிருந்த நீள வாங்கில் பத்துப் பேரும் வரிசையாக இருந்தார்கள். சுலோஜனா ஒரு நாளை வீணாக்குவாளா? பழைய வினாத்தாளில் இரண்டு கேள்வியைக் கொடுத்திருந்தாள். எல்லோர் மடியிலும் கணக்குக் கொப்பி. மேசையில் இருந்த தாதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிவம் நிரப்பினார். பெயர், வயது, இருமல் இருக்கிறதா, மெலிவு இருக்கிறதா. கடைசியில் சத்தமாக ஒரு கேள்வி: "வேற வருத்தம், நோய் இருக்கா? தொடர்ந்து மருந்து எடுக்கிறீங்களா?"

"கணக்கு வருத்தம் மட்டும்தான் மிஸ்" என்றான் நிலோஜன். தாதியே சிரித்துவிட்டார்.

ஸுஹைனா சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி தன்னிடம் வருவதற்கு இன்னும் மூன்று பேர்தான் இருந்தார்கள். இல்லையென்று சொன்னால் டொக்டரிடம் பொய் சொன்னதாகும். அது அவளுடைய நெஞ்சு விசயம், பொய் சொல்லக் கூடாது. ஓம் என்றால் வாங்கு முழுக்கக் கேட்கும். மடியிலிருந்த கணக்கில் பாதி வரியோடு பென்சில் நின்றது. பக்கத்தில் ரிப்கா, மற்றப் பக்கத்தில் றவூப்.

இரண்டு பேர். ஒருவர்.

அவள் எழும்பி மேசைக்குப் போனாள்.

"மிஸ், ஒண்டு சொல்லணும். நாங்க பொம்பிளப் புள்ளையள் அஞ்சு பேர் இருக்கம். ஆம்புளையள் எல்லாரும் கேக்க எங்களுக்கு வருத்தம் சொல்ல வெக்கமா இருக்கு. எங்கள ஒவ்வொராளா உள்ளுக்குக் கூப்பிட்டுக் கேப்பீங்களா?"

தாதி வாங்கைப் பார்த்தார். றவூப் முதல் ஆளாகத் தலையாட்டினார். "ஓம் ஓம், அதுதான் முறை. உள்ளுக்க வெச்சுக் கேளுங்க மிஸ்."

ஐந்து பெண்பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள். ஸுஹைனா இரண்டாவதாகப் போனாள். உள்ளே தாதியின் முகத்தை நேரே பார்த்து, நோயின் பெயரைச் சொன்னாள், மாத்திரையின் பெயரைச் சொன்னாள், எத்தனை வருடமாக எடுக்கிறாள் என்றும் சொன்னாள். தாதி குரலை மாற்றவில்லை. எழுதினார், படிவத்தை மடித்துத் தன் கையாலேயே டொக்டரின் மேசைக்குக் கொண்டுபோனார். திரும்பும்போது அவளுடைய தோளில் ஒரு தட்டுத் தட்டி, "அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த ஆள் ரிப்கா. எல்லோரையும்விட அவள்தான் கூடிய நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்து ஸுஹைனாவின் காதுக்குள், "நல்ல வேளைடி நீ கேட்டது. எனக்கும் கேக்க ஒண்டு இருந்த" என்றாள். என்னவென்று ஸுஹைனா கேட்கவில்லை. சட்டம் சட்டம்தானே.

கடைசியில் றவூபும் எக்ஸ்ரே எடுத்தார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்றார். மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்த மூச்சை, போதும் என்று மூன்று தரம் சொல்லும்வரை விடவில்லையாம். சுலோஜனா திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு கடிதம் வந்து சேர்ந்தது. பத்துத் துண்டுகள் இல்லை, ஒரே கடிதம். இந்த வகுப்பில் பரிசோதிக்கப்பட்ட பத்து மாணவருக்கும் ஆசிரியைக்கும் காசநோய் இல்லை என்று, டொக்டரின் கையெழுத்தோடு. பெயர்கள் இல்லை. றவூப் அதை வாசலில் நின்று இரண்டு தரம் வாசித்தார்; யாருடைய பெயரையோ தேடுவது போலிருந்தது. பிறகு போனில் படம் பிடித்துக்கொண்டார். தனக்குக் கிடைத்த துண்டை ஒருவருக்கும் காட்டவில்லை. சிகரெட்டை விடச் சொல்லி அதில் எழுதியிருந்ததாக ரிப்கா சொல்லித்தான் தெரிய வந்தது.

கிளினிக்குக்கு வந்தும் வகுப்புக்கு வராமல் நின்ற மற்ற இரண்டு பிள்ளைகளும் அன்றைக்கே திரும்பி வந்தார்கள். ஸாஹிர் வரவேயில்லை. அவனுடைய கதிரையை எடுத்துவிடவா என்று சுலோஜனா கேட்டாள். "இருக்கட்டும், பையை வைக்கலாம்" என்றான் நிலோஜன். பிளேன்ரீ வந்தபோது எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப். முதல் கப்பை ஸுஹைனாவே தட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரிப்கா கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "உள்ளதச் சொல்லு. உனக்கு ஒண்டுமே இல்லையா?"

ஸுஹைனா அவளைப் பார்த்தாள். கேட்ட முகத்தில் கள்ளம் இல்லை. ஒருநாள் இவளிடம் சொல்லலாமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் அது அவள் தீர்மானிக்கிற நாளில். சாச்சி கேட்கிற நாளில் அல்ல.

"இருக்கிறது இருக்கட்டும். நீ ஏழாவது கேள்வி செய்தியா?"

"எங்க? வட்டத்துக்குள்ள முக்கோணத்தக் கொண்டுவந்து வெச்சிருக்கான். ஆருக்குத் தெரியும்."

"இஞ்ச காட்டு." ரிப்காவின் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக் கோடு ஒன்றைக் கீறினாள். "மையத்தில இருந்து இதை இழு. இப்ப இது ரெண்டும் ஆரை. சமன். பிறகு கோணத்தப் பாரு."

ரிப்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "அட, ஓமே!" என்றாள்.

ஐந்தரைக்கு வகுப்பு முடிந்தது. எல்லோரும் பைகளைத் தூக்கும்போது ஸுஹைனா கையை உயர்த்தினாள்.

"சுலோ அக்கா, இந்த ரெண்டு கிழமையில ஆளில்லாம, அலைஞ்சு திரிஞ்சு நாலு நாள் போயிட்டு. சோதனைக்கு இன்னும் முப்பது நாள் கூட இல்ல. சனிக்கிழமை காலையிலயும் வகுப்பு வைங்க."

"ஏறாவூர்ல இருந்து காலையில எப்படி வருவாய்?"

"ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு. கேட்டு வெச்சிருக்கன்."

"ஐயோ, இவளை ஆராவது பிடிச்சுக் கட்டிப்போடுங்க!" என்று நிலோஜன் கதிரையில் சரிந்தான். "சனிக்கிழமை ஒண்டுதான் நான் நித்திரை கொள்ளுற."

"நீ வராத. ஏழாவது கேள்வியோட நித்திரை கொள்ளு" என்றாள் ரிப்கா. "டீச்சர், நானும் வாறன்."

இன்னும் இரண்டு கைகள் எழும்பின. பிறகு இன்னொன்று. நிலோஜன் கடைசியாக, காதைச் சொறிவதுபோல் தன் கையையும் மெல்ல உயர்த்தினான்.

சுலோஜனா சோக்கட்டியை எடுத்து, அழித்த கரும்பலகையின் ஓரத்தில் எழுதினாள்: சனி, காலை எட்டு மணி. வட்டங்கள்.